நீர்ச்சாவி

புவெனவெந்தூராவில் மழைக்குப் பஞ்சமில்லை,
குழாய்க்குத்தான்.
ஓட்டைப் பானையும் நிரம்பி வழியும் ஊரில்
குடிக்க ஒரு குவளைக்கு
லாரி வரும்வரை நிற்கவேண்டும்.

அங்கே,
அலை ஏறினால் தரைப்பலகைக்கடியில் நண்டு நடக்கும் வீட்டில்
எவரிஸ்தோ இனெஸ்த்ரோசா ட்ரொம்போன் ஊதினான்.
அவன் குழுவில் நான் மாட்டுமணி அடித்தேன், பதினொரு வருஷம்.
என் பெயர் வேண்டாம். மணிக்காரன் போதும்.

சால்சாவில் ஒரு நீதி உண்டு:
மூன்றும் இரண்டுமாய் விழும் குச்சித் தட்டு.
அதைக் கேட்பதாக யாரும் காட்டிக்கொள்வதில்லை,
மீறியவனை மன்னிப்பதுமில்லை.
எவரிஸ்தோ குடித்திருந்தபோதும் மீறியதில்லை.
கடன்காரனைக் கண்டு மேடையின் பின்வழியே ஓடிய இரவிலும்
சரியான தட்டில்தான் குதித்தான்.

பிறகு பொகோத்தாவிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள்.
முகம் பிடித்துவிட்டது.
கறுப்பு முகத்துக்கு அவர்களிடம் இரண்டே வேலை:
கடத்தல்காரன், கடத்தல்காரனின் அடியாள்.
ஆறு தொடர்களில் ஏழு முறை செத்தான்
(ஒன்றில் இரட்டையர்; இருவரும் அவனே).

ஒருமுறை பிணமாய்க் கிடக்கையில்
வலதுகால் பெருவிரல் தட்டிக்கொண்டே இருந்ததாம்.
மூன்று, இரண்டு. மூன்று, இரண்டு.
இயக்குநர் கத்தினார்.
பதினாலு தடவை சுட்டுப் பார்த்தார்கள்,
விரல் சாகவில்லை.
கடைசியில் ஷூ மாட்டிவிட்டார்கள்.

துறைமுகத்தில் அதைப் பார்த்தோம்,
கிடங்கின் பின்னால், நாற்பது பேருக்கு ஒரே டி.வி.
சுமைக்காரர்கள் குண்டு எண்ணவில்லை,
ஷூவைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள்.

தேர்தலில் ஏன் நின்றான் என்று கேட்டால்
அவன் மனைவி நிதியா ஒன்று சொல்வாள், அவன் ஒன்று சொல்வான்.
நான் பார்த்தது இது:
சதுப்பில் சிப்பி பொறுக்கும் ஒருத்தி
சேற்றுக் கையோடு அவன் சட்டையைப் பிடித்து
"டி.வி.யில் எத்தனை தரம் செத்தாய்,
எங்களுக்காக ஒருதரம் உயிரோடு இருந்து பாரேன்" என்றாள்.
அந்தச் சட்டையை அவன் துவைக்கவில்லை.
சுவரொட்டியிலும் அதே சட்டை.

ஜெயித்தான்.
"நூறே நாளில் குழாயில் தண்ணீர்":
லாரிமேல் நின்று
அந்த வரிக்குத் தாளம் போட்டது நான்தான். ஒளிக்கமாட்டேன்.

மேயர் அறையில் ஒரு விசிறி, பூட்டிய அலமாரிகள்,
நாற்காலி சூடாகுமுன் வந்து உட்கார்ந்த ஒப்பந்தக்காரர்கள்,
எல்லோரும் தலைநகரத்தில் யாருக்கோ மாமன் மச்சான்.
குழாய் வந்தது. பதித்தார்கள். மேலே சிமெண்டும் பூசினார்கள்.
தண்ணீரை மட்டும் பட்டியலில் எழுத மறந்திருந்தார்கள்.
அவன் திருடவில்லை, கையெழுத்துப் போட்டுத் தருவேன்.
திருடியவர்களின் பெயரை அவன் சொல்லவுமில்லை.
அதற்கும் போடத்தான் வேண்டும்.

மூன்றாம் வருஷம் மறியல்.
மாடத்துக்கு வந்தான்.
கீழே ஒரு கோஷமில்லை, வசையில்லை,
வெறும் கைத்தட்டல். மெதுவாக.
மூன்று, இரண்டு.
எவரிஸ்தோ வாய் திறந்தான்,
தட்டைத் தவறவிட்டு நுழைந்தான்.
யாரும் சிரிக்கவில்லை.
கைகள் நின்றுவிட்டன, அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை, பதவியெல்லாம் போனபின்,
மதுக்கடைக்கு வந்தான், கையில் பழைய பெட்டி.
நாலு வருஷப் பேச்சு உதட்டைத் தின்றிருந்தது,
மேல் ஸ்வரங்கள் கிழிந்தன.
பையன்களுக்குப் பின்னால் மூன்றாவது ட்ரொம்போன்.

பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன்
வளைவின் அடியிலிருக்கும் சின்னச் சாவியை அழுத்தி ஊதினான்,
எப்போதும் செய்வதுதான்;
உள்ளே சேர்ந்த மூச்சு நீராகி
தரையில் நாலைந்து சொட்டு.

பின்வரிசையில் ஒரு குரல்:
"மேயரே, தண்ணீர் வந்துடுச்சு!"

சிரித்தானா என்று நிதியா என்னிடம் கேட்டாள்.
இருட்டு, முகம் தெரியவில்லை என்றேன்.
உண்மைதான்.
நான் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அன்றைக்கு அவன்
செருப்பு போட்டிருந்தான்.